பொதியில் மடித்த போர்க்களம்

விளையாட்டுகளின் வரலாற்றை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றனர். இவ்வாட்டத்தைக் கண்டவர் யார்? இதனை ஆடி மகிழ்ந்த மன்னர் யாவர்? இவ்விரண்டிற்கும் விடை கிடைத்துவிட்டால் நூல் முடிந்தது. ஒரு நாட்டில் பிறந்த ஆட்டம் மறுநாட்டுக்கு எதில் ஏறிச் சென்றது, ஒட்டகத்தின் பொதியிலா, மாலுமியின் மூட்டையிலா, அன்றி வெறும் நினைவிலா என்று கேட்போர் மிகச் சிலரே. எனக்கோ இந்த மூன்றாவது வினாவே முதல் வினாவாகத் தோன்றுகிறது. ஊர்விட்டு ஊர் எடுத்துச் செல்ல எளிதாயிருந்த ஆட்டங்கள் உலகைச் சுற்றி வந்தன. எடுத்துச் செல்ல அரிதாயிருந்தவை பல, பிறந்த அரண்மனையிலேயே உறங்கிப் போயின. சதுரங்கத்தின் கதை இதற்கு நல்ல சான்று.

ஹிஜ்ரி 345-இல், அதாவது கி.பி. 956-இல், மறைந்த அல்-மஸ்ஊதி உலகம் சுற்றிய வரலாற்றாசிரியர். இந்தியாவின் மேலைக் கரைக்கும் வந்து சென்றவர். இந்தியர்கள் யானைத் தந்தத்தைச் சதுரங்கக் காய்களும் நர்துக் காய்களும் செய்வதற்கே மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர் என்று அவர் எழுதி வைத்துள்ளார். அக்காய்கள் மனித உருவிலும் விலங்குருவிலும் சாண் உயரம் இருக்குமாம். ஆடுவோர் அமர்ந்திருக்க, காயைக் கட்டத்திற்குக் கட்டம் எடுத்து வைப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்பானாம். ஒரு காயை நகர்த்தவே ஓர் ஏவலாள் வேண்டுமென்றால், முப்பத்திரண்டு காய்களையும் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்ல எத்தனை ஆள் வேண்டும்! அரசர் மாளிகைக்கு அஃது அழகுதான். பாலைவனத்தைக் கடக்கும் வணிகனுக்கு அஃது ஆகாது.

பாரசீகத்தின் வழியே அரபு மக்களின் கைக்கு வந்தபோது ஆட்டத்தின் விதிகள் பெரிதும் மாறவில்லை. மாறியது அதன் சுமை. மரப்பலகைக்குப் பதிலாகத் தோலும் துணியும் வந்தன. செந்நிறத் தோலில் கோடிட்ட சதுரங்க விரிப்பை அரபுக் கவிகள் பாடியுள்ளனர். இன்று நாம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அன்று இல்லை. எல்லாக் கட்டமும் ஒரே நிறம், இடையே கோடு மட்டும். ஒரு தோலை எடுத்து எட்டுக்கு எட்டாகக் கோடு போட்டால் களம் ஆயத்தம். ஆட்டம் முடிந்ததும் காய்களை நடுவில் குவித்து, நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டினால் அதுவே பை. களமும் பேழையும் ஒன்றாகிவிட்ட இந்த எளிமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. இன்று கடைகளில் விற்கும் விளையாட்டுப் பெட்டிகளில் பாதியிடம் காற்றுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, விருந்துக்கும் பயணத்துக்கும் நாலைந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கொண்டு செல்ல விரும்பும் குடும்பத்தார் அந்தப் பழைய தோல் விரிப்பை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

அவ்விரிப்பின் அளவையும் ஒருவாறு அறிகிறோம். கி.பி. 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல்-மஃமூன் சதுரங்கத்தில் பெருவிருப்பு உடையவர். ஆனால் சிறந்த ஆட்டக்காரர் அல்லர். சிந்து நதி தொடங்கி மேற்கே அந்தலுஸ் வரை ஆளும் தம்மால், இரண்டு முழ நீளமும் இரண்டு முழ அகலமும் கொண்ட இடத்தில் முப்பத்திரண்டு காய்களை ஆள முடியவில்லையே என்று அவர் நொந்துகொண்டதாகச் சொல்வர். அந்தலுஸ் அவர் ஆட்சியில் இருந்ததில்லை. அங்கே உமையாக்கள் தனியரசு செலுத்தினர். ஆகவே அந்தச் சொல்லில் சிறிது மிகை உண்டு. நமக்கு வேண்டியது இரண்டு முழம் என்ற அளவே. இருவர் எதிரெதிரே கம்பளத்தில் அமர்ந்தால் நடுவே விரிக்கத் தக்க அளவு அது.

காய்களும் உருமாறின. கி.பி. 1977-ஆம் ஆண்டு ஸமர்கந்தின் பழநகரான அஃப்ராஸியாபில் தந்தத்தாலான ஏழு சதுரங்கக் காய்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. குதிரை மேல் வீரன், யானை, தேர் என உருவம் தெளிவாகச் செதுக்கப்பட்டவை அவை. பட்டுப் பாதையின் நகரில் கிடைத்த அவை அளவிலே சிறியவை. இவற்றோடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள நைஸாபூர்க் காய்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, மெருகூட்டிச் சுட்ட மண்ணால் ஆனவை. பெரிய காயான ஷாஹ்கூட ஏறத்தாழ இரண்டு அங்குலமே. யானை இருக்கிறது, ஆனால் யானையின் உருவம் இல்லை. இரு தந்தங்களைக் குறிக்க உச்சியில் இரண்டு மொட்டுகள் மட்டும். குதிரைக்கு முன்புறம் ஒரே மொட்டு. ருக் எனப்படும் காய்க்கு உச்சியில் ஒரு பிளவு.

உயிருருவங்களைத் தவிர்க்கும் மார்க்க உணர்வே இதற்குக் காரணம் என்று பொதுவாக எழுதுவர். அது மெய்யான காரணமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் மற்றொன்றையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து. தும்பிக்கையும் வாலும் குதிரைக் காலும் நீட்டிக்கொண்டிருக்கும் காயை நூறு காதம் பையில் போட்டுக் குலுக்கினால் என்னாகும்? உருண்டு திரண்ட காய் உடையாது. கடைசல் பிடிக்கும் எளிய தச்சனும் அதனைச் செய்வான். ஒன்று தொலைந்தால் அடுத்த ஊரில் வேறொன்று கடைந்துகொள்ளலாம். கலைஞனின் கையை நம்பியிருந்த ஆட்டம் கைவினைஞனின் கைக்கு வந்ததும், அரண்மனையை நம்பியிருந்த ஆட்டம் சந்தைக்கு வந்துவிட்டது.

அது கடலுக்கும் வந்தது. துருக்கியின் தென்மேற்குக் கரையில், ரோட்ஸ் தீவுக்கு எதிரே, ஸெர்சே லிமானி என்றோர் இயற்கைத் துறை உள்ளது. கி.பி. 1025-ஐ ஒட்டி ஒரு வணிகக் கப்பல் அங்கே மூழ்கியது. ஜார்ஜ் பாஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் 1977 முதல் 1979 வரை கடலடியில் அதனை அகழ்ந்தனர். கப்பலில் இருந்தது ஏறத்தாழ மூன்று டன் கண்ணாடி. அதில் பெரும்பகுதி, மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவதற்கென ஏற்றிய உடைசல். பாத்திமிய ஆட்சியாளரின் எடைக்கற்களும் அதில் கிடைத்தன. அவற்றில் பொறித்த ஆண்டைக் கொண்டே கப்பல் மூழ்கிய காலம் துணியப்பட்டது. சரக்கோடு சரக்காக அன்றி, பயணிகளின் உடைமையாக மரச் சதுரங்கக் காய்கள் சிலவும் கிடைத்தன. கப்பலில் சென்றோர் பைஸாந்தியக் கிறித்தவர் என்பதை ஏனைய பொருள்கள் காட்டுகின்றன. முஸ்லிம்களின் துறைமுகத்தில் சரக்கேற்றித் திரும்பிய கிறித்தவ மாலுமிகள், முஸ்லிம்களிடம் கற்ற ஆட்டத்தை, அவர்கள் வடித்த உருவமற்ற காய்களைக் கொண்டே கடலில் ஆடிச் சென்றிருக்கிறார்கள். சிலுவைப் போர்கள் தொடங்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

கடற்பயணிகளுக்கு இவ்வாட்டங்கள் எவ்வளவு வேண்டியவை என்பதை ஓர் அரசரே எழுதுவித்திருக்கிறார். காஸ்தீலின் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ 1283-இல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு நூலைத் தொகுப்பித்தார். அரபு நூல்களிலிருந்து பெற்ற சதுரங்கப் புதிர்கள் அதில் ஏராளம். குதிரையேற்றமும் படைக்கலப் பயிற்சியும் பகலில் வெளியே ஆடத் தக்கவை. அமர்ந்து ஆடும் ஆட்டங்களோ இரவிலும் பகலிலும் ஆடத் தக்கவை. வீட்டிலிருக்கும் பெண்டிருக்கும், முதியோருக்கும், சிறைப்பட்டோருக்கும், கடலில் செல்வோருக்கும் அவை பொருந்தும் என்று அதன் முன்னுரை பேசுகிறது. அந்நூலின் ஓவியங்களுள் ஒன்றை நான் மறக்க மாட்டேன். ஒரு கூடாரம்; வெளியே ஈட்டிகள் நிற்கின்றன; உள்ளே ஒரு முஸ்லிமும் ஒரு கிறித்தவரும் சதுரங்கப் பலகைக்கு இருபுறமும் அமர்ந்திருக்கின்றனர். போர் நடக்கும் எல்லைப்புறத்துக்கும் பலகை சென்றிருக்கிறது.

எடுத்துச் சென்றவை எல்லாம் போய்ச் சேர்ந்தன என்று சொல்ல முடியாது. ஸ்காத்லாந்தின் லூயிஸ் தீவு மணலில் 1831-இல் வெளிப்பட்ட 93 பொருள்களுள் 78 சதுரங்கக் காய்கள். 14 நர்து போன்றதோர் ஆட்டத்தின் வட்டுகள். ஒன்று இடைவார்க் கொக்கி. கடற்பசுவைப் போன்ற தந்தமுடைய வால்ரஸ் என்னும் விலங்கின் கொம்பில், 12-ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் நார்வே நாட்டில் செதுக்கப்பட்டவை. நான்கு ஆட்டத் தொகுதிகளுக்கான காய்கள் ஒருங்கே இருப்பதால், இவை விற்பனைக்குச் சென்ற வணிகச் சரக்கு என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எவரோ ஒருவர் கொண்டு சென்று, எக்காரணத்தாலோ புதைத்து, மீண்டும் வந்து எடுக்காமலே போய்விட்டார்.

இவ்விடத்தில் நம்மவர் விரும்பிச் சொல்லும் ஒரு கதையைத் திருத்திவிடுவது நல்லது. கலீபா ஹாரூன் அர்-ரஷீத், பிராங்கியப் பேரரசர் சார்லிமேனுக்குத் தந்தத்தாலான சதுரங்கத் தொகுதியைப் பரிசாக அனுப்பினார் என்பது அக்கதை. பாரிஸில் உள்ள தேசிய நூலகத்தில் ‘சார்லிமேன் சதுரங்கம்’ என்ற பெயரில் காய்கள் இருப்பதும் உண்மையே. ஆனால் அவை 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் இத்தாலியில் செதுக்கப்பட்டவை. ஹாரூனும் சார்லிமேனும் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னர் பிறந்தவை. பக்தாதிலிருந்து 802-இல் ஆஹன் நகர் சேர்ந்த யானையும், 807-இல் சென்ற நீர்க்கடிகாரமும் மெய், சதுரங்கம் கற்பனை. நமக்குப் பெருமை சேர்க்கிறது என்பதற்காக ஒரு பொய்யை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர் சுமந்து திரியும் மெய்யே நமக்குப் போதும்: ஸ்பானிய மொழியில் இன்றும் சதுரங்கத்தின் பெயர் ‘அஹெத்ரெஸ்’, அஃதாவது அஷ்-ஷத்ரஞ்ச், அதில் ஒரு காயின் பெயர் ‘அல்ஃபில்’, அஃதாவது யானை.

தோலும் துணியும் இலேசானவை என்றேன். அவற்றினும் இலேசான களம் ஒன்று உண்டு, அது மனம். தாபியீன்களுள் ஒருவரும், ஹிஜ்ரி 95-இல் ஹஜ்ஜாஜால் கொல்லப்பட்டவருமான ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் பலகைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, காயைப் பாராமலே ஆடக்கூடியவர் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வாயிலாக அறிவிக்கப்படுகிறது. இதை எழுதும்போது மார்க்கச் சட்ட அறிஞர்களின் கருத்து வேற்றுமையையும் சொல்லியாக வேண்டும். பகடை உருட்டி ஆடும் நர்து கூடாது என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபட்டனர். சதுரங்கத்தை ஏனைய மத்ஹபுகள் வெறுத்தோ விலக்கியோ வைக்க, ஷாஃபிஈ மத்ஹபினர், பந்தயம் இன்றியும் தொழுகையைப் பாழாக்காமலும் ஆடினால் ஹராமாகாது, மக்ரூஹ் என்ற அளவில் நிற்கும் என்றனர். ஆடுவதா வேண்டாவா என்ற முடிவை அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். இங்கே நான் சுட்ட வந்தது, பலகையே இல்லாமல் ஆட்டத்தைச் சுமந்த நினைவாற்றலை.

அந்த ஆற்றலுக்கு நேரெதிரான ஒரு முயற்சியும் நடந்தது. தைமூர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் போர்ப்பாசறையில் கழித்தவர். சதுரங்கத்தில் அவருக்கிருந்த பற்றை, அவரைச் சிறிதும் நேசிக்காத வரலாற்றாசிரியரான இப்னு அரப்ஷாஹ்வே எழுதியிருக்கிறார். ருக் காயால் எதிரியின் ஷாஹைத் தாக்கிய நேரத்தில் 1377-இல் மகன் பிறந்த செய்தி வந்ததால் அம்மகனுக்கு ஷாஹ்ருக் என்று பெயரிட்டார் என்பது பலர் அறிந்த கதை. அறுபத்து நான்கு கட்டங்கள் தமக்குப் போதாவென்று, நீளத்தில் பதினொன்றும் அகலத்தில் பத்துமாக 110 கட்டங்களும், இருபுறமும் ஒவ்வொரு கோட்டையுமாக 112 இடங்கள் கொண்ட பெருஞ்சதுரங்கத்தை அவர் விரும்பி ஆடினார். ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் அதில் காய்கள். ஒரு பக்கத்துச் சிப்பாய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. பேரரசின் ஒட்டகங்கள் சுமக்கும் வரையில் அது சென்றது. 1405-இல் தைமூர் மறைந்தார். பெருஞ்சதுரங்கம் ஏட்டில் தங்கிவிட்டது. எட்டுக்கு எட்டோ உலகெங்கும் நடந்தது. விதிகள் கடினம் என்பதும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் வழியில் ஒரு காய் தொலைந்தால், ஒட்டகச்சிவிங்கிக்கு ஈடாக எந்தச் சந்தையில் எதை வாங்குவது?

நம் நாட்டுப் பக்கம் வருவோம். சொக்கட்டான் ஆடியோர் அறிவர்: சிலுவை வடிவாய்த் தைத்த துணி, காய்கள், சோழி, அவ்வளவே. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போகலாம். சௌபர் என்ற பெயரில் இவ்வாட்டம் அக்பரின் அரண்மனையில் இருந்ததை அபுல் ஃபஸ்ல் விவரித்திருக்கிறார். ஃபதேபூர் சிக்ரியின் முற்றத்தில் கல்லிலேயே அந்தச் சிலுவைக் களம் அமைந்திருப்பதை இன்றும் காணலாம். பணிப்பெண்களையே காயாக நிறுத்தி அக்பர் ஆடினார் என்பது செவிவழிக் கதை. கல்லிற் பதித்த களம் சிக்ரியை விட்டு ஓரடியும் நகரவில்லை. துணிக் களமோ குடிசை தோறும் போயிற்று.

அக்பரின் பாட்டனார் பாபர் இன்னும் சுவையான ஒரு குறிப்பை விட்டுச் சென்றிருக்கிறார். தட்டாவில் இருந்த ஷாஹ் ஹஸன் என்பார் கஞ்சிஃபா என்னும் சீட்டாட்டத்தில் விருப்புற்று, அச்சீட்டுகளைக் கேட்டனுப்பினார். நானும் அனுப்பி வைத்தேன் என்று 1527-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளிடையே எழுதுகிறார். சீட்டு பலகையாட்டம் அன்று என்பது மெய்தான். ஆனாலும் ஹிந்துஸ்தானத்தை வென்ற கையோடு, போர்ச் செய்திகளுக்கு நடுவே, நண்பருக்கு ஆட்டக் கட்டொன்றை அனுப்பியதையும் குறித்து வைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதே!

பல்லாங்குழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் இல்லத்துப் பெண்கள் என்னை மன்னியார். ஏழேழாக இரு வரிசைக் குழிகள். நடுவே கீல் வைத்து, மீன் வடிவிற்கூடச் செய்த பலகைகள் உண்டு. மூடினால் சோழியோ புளியங்கொட்டையோ உள்ளேயே அடங்கும். இதே குடும்பத்து ஆட்டத்தை மாலத்தீவில் எட்டெட்டுக் குழிகளிலும், மலாய் நாட்டில் ‘சொங்கா’ என்ற பெயரில் இருமுனையிலும் களஞ்சியக் குழி சேர்த்தும் ஆடுகின்றனர். நம் மரக்கலங்கள் போய் வந்த துறைகளே அவையெல்லாம். இவ்வாட்டக் குடும்பத்துக்கு உலகறிந்த பெயர் ‘மன்கலா’. ‘நகல’ என்ற அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது அது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லுதல் என்பது அவ்வேரின் பொருள். குழிக்குக் குழி விதைகளைக் கொண்டு செல்வதால் அப்பெயர். ஆட்டமே அவ்வாறு நாட்டுக்கு நாடு கொண்டு செல்லப்பட்டதை அந்தப் பெயரை இட்டவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்வாட்டம் சென்ற வழிகளுள் மிகக் கொடியது அட்லாண்டிக் கடல் வழி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டு ஏற்றப்பட்ட மக்களுக்குப் பொதி ஏது, பெட்டி ஏது? உடுத்த துணியும் அவர்களுக்கு உரிமையில்லை. ஆயினும் ஆன்டிகுவாவிலும் பார்படோஸிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் ‘வாரி’ என்ற பெயரில் அதே ஆட்டத்தை இன்றும் ஆடுகின்றனர். மண்ணில் பன்னிரண்டு குழி தோண்டி, கிடைத்த விதையைப் பொறுக்கிப் போட்டு, பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கின்றனர். பறித்தவர்களால் பறிக்க முடியாமற் போன பொருள்களுள் அதுவும் ஒன்று.

இப்படி நினைவிலே சென்ற ஆட்டங்களுள் மிக நீண்ட வழி நடந்தது எது என்று கேட்டால், நம் அண்டைக் கரையான கொச்சியைத்தான் காட்டுவேன். இராக்கின் ஊர் என்ற பழநகரில் லெனார்ட் வூலி 1920-களில் அகழ்ந்த அரச கல்லறைகளில் 20 கட்டங்கள் கொண்ட ஆட்டப் பலகைகள் கிடைத்தன. ஏறத்தாழ 4600 ஆண்டுகள் பழமையானவை. ஆடுவோர் ஒருவரும் எஞ்சாததால் ஆடும் முறை தெரியவில்லை. எகிப்தின் தூத்தன்காமூன் கல்லறையிலும் அவ்வாட்டம் இருந்தது. மேற்புறம் ஓர் ஆட்டம், கீழ்ப்புறம் மற்றோர் ஆட்டம், உள்ளே காய் வைக்க இழுப்பறை என இரண்டு ஆட்டங்களை ஒரே பெட்டியில் கொண்டு செல்லும் வகை அது. அஸ்ஸீரிய அரண்மனை வாயிலைக் காத்த கற்காளையின் பீடத்தில்கூட எவரோ இதன் கட்டங்களைக் கீறி வைத்துள்ளனர். காவலராகத்தான் இருக்க வேண்டும். பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபின்கல், பாபிலோனிய எழுத்தர் ஒருவர் கி.மு. 177-இல் எழுதிய களிமண் ஏட்டைப் படித்து, அது இவ்வாட்டத்தின் விதிகளைக் கூறுவது என்று கண்டறிந்தார். செத்துப்போன ஆட்டம் ஒன்றின் விதிகளைப் படித்துவிட்டதாகவே உலகம் எண்ணியது.

ஆட்டமோ சாகவில்லை. கொச்சி யூதர்களிடமிருந்து கிடைத்த மரப்பலகை ஒன்றின் படத்தை அவர் காண நேர்ந்தது. அதிலும் 20 கட்டங்கள். அம்மக்களுள் மிகப் பலர் 1950-களில் கொச்சியை விட்டு இஸ்ரேல் சென்று குடியேறிவிட்டிருந்தனர். தேடிக் கேட்டபோது, அங்கே ஒரு மூதாட்டி, கொச்சியில் சிறுமியாயிருந்த நாளில் வீட்டுப் பெண்களோடு அமர்ந்து அவ்வாட்டத்தை ஆடியதாகச் சொல்லி, எப்படி ஆடுவது என்பதையும் நினைவிலிருந்து எடுத்துக் காட்டினார்.